கணிப்பொறி துயிலெழும் முறை

எண்ணூரைக் கடந்து மீஞ்சூர் நோக்கிச் செல்லும் வழியில், அத்திப்பட்டுக்கு அண்மையில் அமைந்தது வள்ளூர். கழிமுகமும் உப்பளமும் வயலுமாகக் கிடந்த அந்நிலப்பகுதியில் இன்று வானளாவிய புகைபோக்கிகள் நிற்கின்றன. தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாட்டு மின்துறையும் கூட்டாக நிறுவிய அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகள், ஒவ்வொன்றும் 500 மெகாவாட் ஆற்றலுடையவை, 2012 முதல் 2015 வரையிலான ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே உற்பத்தியைத் தொடங்கின. அப்புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்த ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றினேன். மின்சாரம் பிறக்கும் இடத்திற்கு அருகில் வாழ்ந்தும், அந்நாளில் தமிழகம் முழுவதையும் வாட்டிய மின்பற்றாக்குறையினின்றும் நாங்கள் தப்பவில்லை. நள்ளிரவிலும் விடியலிலும் மின்சாரம் போகும், வரும், மீண்டும் போகும்.

2013-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மேல்நிலை வகுப்பின் செய்முறைத் தேர்வு நெருங்கிய வேளையில், எங்கள் கணிப்பொறிக் கூடத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. முதற் பாடவேளையில் மாணவர்கள் எழுதிச் சேமித்த நிரல்கள், பத்து மணிக்குப் பார்த்தால் காணாமற்போயிருந்தன. எல்லா நாள்களிலும் அன்று. சில நாள்களில் மட்டும். இரண்டாம் பாடவேளையில் எழுதியவர்களுக்கு ஒரு குறையும் நேரவில்லை. இழந்தவள் ஒருத்தி விம்மி அழுதாள். அவள் இருக்கையில் அடுத்த பாடவேளையில் அமர்ந்தவன் மீது ஐயம் எழுந்தது. அவன் சற்றுக் குறும்பன். அதுவே அவனுக்கு எதிரான சான்றாயிற்று. ஒரு வார காலம் அவன் கணிப்பொறிக் கூடத்தினுள் வரலாகாது என்று நான் எழுத்தில் ஆணை பிறப்பித்தேன். முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நான் செய்த பிழைகளுள் இது சிறியதன்று. அவன் விலக்கப்பட்ட நான்காம் நாள், மேலும் ஆறு பேருடைய கோப்புகள் மறைந்தன.

அனல்மின் நிலையத்தில் பணியாற்றிய எங்கள் பழைய மாணவர் ஒருவரை அழைத்து வரச் செய்தேன். அவர் கணிப்பொறியைத் தொடவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: “ஐயா, மின்சாரம் போய் வந்தபின் இக்கூடத்தில் எது முதலில் எழுகிறது, எது பின்னர் எழுகிறது?” எனக்கு விடை தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவருக்கு அக்கேள்வி தோன்றியது இயல்பே. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியைப் பற்றவைத்தவுடன் மின்சாரம் வந்துவிடுவதில்லை. சுழலியின் தாங்கிகளுக்கு முதலில் மசகெண்ணெய் பாய வேண்டும். கொதிகலனுக்குள் காற்றைச் செலுத்தும் விசிறிகளும், உள்ளிருக்கும் புகையை வெளியே இழுக்கும் விசிறிகளும் ஓட வேண்டும். நீர் ஏற்றும் பம்புகள் இயங்க வேண்டும். பின்னர் எண்ணெய்ச் சுடர். அதற்கும் பின்னரே நிலக்கரித் தூள். இவ்விசிறியும் பம்பும் ஓட மின்சாரம் வேண்டுமே! மின்சாரம் ஆக்குவதற்கே மின்சாரம் வேண்டியிருக்கிறது. 2012 ஜூலை 31 அன்று வட, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மூன்றும் ஒருங்கே வீழ்ந்தபோது, அனல் நிலையங்கள் தாமாக எழ இயலாமற் காத்துக் கிடந்தன. சிறிது ஆற்றலைக் கொண்டே எழவல்ல நீர்மின் நிலையங்களிலிருந்தும், வீழாத அண்டைத் தொகுப்பிலிருந்தும் மின்சாரம் கொணர்ந்து ஒவ்வொன்றாக எழுப்பினர். யார் யாரை நம்பி எழுவது என்ற வரிசை அங்கே முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

கணிப்பொறியும் அவ்வாறே துயிலெழுகிறது. நாம் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் பெயர் கேட்பதற்கும் இடையே பல பத்து நிரல்கள் கண்ணுக்குப் புலப்படாமல் எழுந்து தத்தம் வேலையை மேற்கொள்கின்றன. வலைப்பின்னலைத் திறப்பது ஒன்று, கோப்புகளைப் பிற கணிப்பொறிகளுக்கு வழங்குவது ஒன்று, அச்சிடுவது ஒன்று, குறித்த நேரத்தில் குறித்த கட்டளையை நிறைவேற்றுவது ஒன்று. இவற்றைச் சர்வீஸ் என்பர். இப்பேச்சில் ‘பணி’ என்று வழங்குவேன். இப்பணிகளை எழுப்பும் கட்டளைகள் அடங்கிய கோப்பு ஸ்கிரிப்ட் எனப்படும். இவ்வெழுப்புதலின் வரலாறு ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் பழமையுடையது.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைத் தொடங்கினர். அதில் கெர்னல் எனப்படும் கரு நிரல் எழுந்தவுடன் ஒரே ஒரு நிரலைப் பெற்றெடுக்கும். அதன் பெயர் இனிட். அதன் வரிசை எண் 1. ஏனைய நிரல்கள் எல்லாம் அதன் மக்களும் பெயரர்களுமே. இனிட் எழுந்ததும் ‘ஆர்.சி.’ என்ற கோப்பைப் படித்து அதில் உள்ளபடி செய்யும். எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1960களில் இயங்கிய ஒரு பழைய முறைமையில், கட்டளைகளைத் தொகுத்து ஓட்டும் வசதிக்கு ‘ரன்காம்’ என்று பெயர். அதன் சுருக்கமே இவ்விரண்டெழுத்து. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அக்கோப்பு சில வரிகளே உடையது: வட்டினை இணை, தற்காலிகக் கோப்புகளைத் துடை, இரண்டொரு பணிகளை எழுப்பு என்ற அளவில் முடிந்துவிடும். வீட்டுத் தலைவி விடியலில் செய்யும் வேலைகளைப்போல, எது முன், எது பின் என்பது எழுதியவர் மனத்தில் இருந்தது. வரிகளின் வரிசையே பணிகளின் வரிசை.

சிக்கல் வளர்ச்சியோடு வந்தது. பல நிறுவனங்கள் தத்தம் நிரல்களை விற்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் தன் பணி தானாக எழவேண்டும் என்று விரும்பியது. ஒரே கோப்பில் பலர் கைவைத்தால் என்னாகும்? ஒருவர் சேர்த்த வரியை இன்னொருவர் அறியாமல் அழிப்பார். ஒரு வரி பிழைபட்டால் அதற்குக் கீழுள்ளவை எழாமலே போகலாம்.

1983-இல் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் வெளியிடத் தொடங்கிய சிஸ்டம் ஃபைவ் என்னும் யூனிக்ஸ் வழியில் இதற்கு ஓர் ஏற்பாடு வளர்ந்தது. ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட். அவற்றுக்கு எஸ்20, எஸ்35, எஸ்80 என்பன போன்ற எண்கள். எஸ் என்பது எழுப்புதற்கும், கே என்பது நிறுத்துதற்கும் அடையாளம். இனிட் அவற்றைப் பெயர் வரிசையில் ஒவ்வொன்றாக அழைக்கும். பள்ளிக் காலை வழிபாட்டில் உயர வரிசையில் நிற்கும் சிறுவர்களைப்போல எல்லாம் ஒழுங்காயின. இவ்வேற்பாடு இருபது, முப்பது ஆண்டுகள் உலகெங்கும் ஆட்சி செய்தது. 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் பெரும்பான்மைத் தொகுப்புகளும் இதனையே தழுவின.

எனினும் எண்ணில் ஒரு குறை உண்டு. அது வரிசையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. எஸ்35 ஏன் 35-இல் நிற்கிறது? தனக்கு முந்திய எதை அது நம்பியிருக்கிறது? அதை வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அறிவதற்கு வழியில்லை. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பில், எண் குறிப்பிடாத பணிக்குப் பொதுவாக 20 என்ற எண் கொடுக்கப்பட்டது. ஆகவே அந்த எண்ணில் பெருங்கூட்டம் சேர்ந்தது. ஒரே எண்ணில் பலர் நின்றால் பெயரின் அகரவரிசையே முந்துவது யார் எனத் தீர்மானிக்கும். பெயர் முந்தியது என்பதற்காகத் தரவுத்தளத்தை நாடும் பணி, தரவுத்தளம் எழுமுன்னே எழுந்து, தேடியதைக் காணாமல் மாண்டுவிடும். இன்னொரு பொறியும் உண்டு. 99-க்கு அப்பால் இடம் வேண்டும் என்று கருதி 100 என்று எண்ணிட்ட அன்பர்கள் ஏமாந்தனர். கணிப்பொறி அதை எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகப் பார்க்கிறது. முதலெழுத்து 1 ஆதலின், 100 என்பது 20-க்கு முன்னால் வந்து நின்றது!

வரிசைப் பிழையன்றி, இடப் பூசலும் நேர்வதுண்டு. நம் எண்ணூர்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் நிற்கும் தளத்தில் இன்னொரு கப்பல் அணைய முடியாது. கணிப்பொறியிலும் பணிகள் வெளியுலகோடு பேசுவதற்கு எண்ணிட்ட துறைகள் உண்டு. அவற்றையும் போர்ட் என்றே அழைக்கின்றனர். வலைப்பக்கம் வழங்கும் பணிக்கு 80, மடல் வாங்கும் பணிக்கு 25 என்பது மரபு. வலைப்பக்கம் வழங்கும் நிரல்கள் இரண்டினை ஒரே கணிப்பொறியில் ஒருவர் நிறுவிவிட்டால், முந்தி எழுந்தது 80-ஐப் பற்றிக்கொள்ளும். பிந்தியது, முகவரி பயன்பாட்டில் உள்ளது என்று முறையிட்டு வீழும். பழைய பதிப்பின் ஸ்கிரிப்டை நீக்காமல் புதியதை நிறுவினாலும், ஒரே பணி இருமுறை எழ முயன்று தன்னோடு தானே மோதிக்கொள்ளும்.

இக்குறைகளைத் தீர்க்க எண்ணத்தை விட்டு உறவைச் சொல்லும் முறை வந்தது. இதற்கான கணிதம் முன்பே ஆயத்தமாக இருந்தது. பல வேலைகளுள் இன்னது முடிந்தபின் இன்னது என்ற உறவுகள் மட்டும் தெரிந்தால், அவை அனைத்திற்கும் பொருந்தும் ஒரு வரிசையைக் காண்பது எப்படி என்பதை 1962-இல் ஆர்தர் கான் என்பார் ஒரு கட்டுரையில் விளக்கினார். முறை எளிது. எவரையும் நம்பாதவற்றை முதலில் எடுத்து வெளியே வை, அவற்றை மட்டும் நம்பியிருந்தவை இப்போது விடுதலை பெறும், அவற்றை எடு, இவ்வாறே தொடர்க. எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் சில எஞ்சினால், அங்கே ஒரு சுழல் இருக்கிறது என்று பொருள்: அ ஆவை எதிர்பார்க்கிறது, ஆ அவை எதிர்பார்க்கிறது. மாணவர்கள் ஒரு தாளில் பத்துப் பணிகளை எழுதி அம்புக்குறியிட்டு இதனைச் செய்து பார்க்கலாம். அரைமணி நேரத்தில் விளங்கிவிடும். யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இதைச் செய்யும் சிறு நிரல் ஒன்று இருந்தது. ஆனால் அதனை வேறொரு வேலைக்குத்தான் வைத்திருந்தனர். கைக்கெட்டிய கருவியைத் துயிலெழுப்பும் வேலைக்கு ஒருவரும் பயன்படுத்தாமல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தமை வியப்பே.

2000-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த நெட்பி.எஸ்.டி. 1.5 பதிப்பு அவ்வழியில் நடந்தது. அதில் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தன் தலைப்பகுதியில், தான் வழங்குவது இது, தனக்கு முன்னதாக வேண்டுவது இது என்று அறிவிக்கும். அவ்வறிவிப்புகளைப் படித்து வரிசை அமைப்பது ஒரு தனி நிரலின் வேலை. லினக்ஸ் உலகிலும் அத்தகைய தலைப்பு வரிகளுக்கு ஒரு பொதுநெறி வகுக்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் வெளிவந்த டெபியன் ஆறாம் பதிப்பு, உறவு வழிப்பட்ட எழுச்சியைத் தன் இயல்பான முறையாக ஏற்றது. அதுவரை அறிவிப்பில்லாமல் காலந்தள்ளிய பழைய ஸ்கிரிப்ட்கள் அப்போது அகப்பட்டுக்கொண்டன. தலைப்பு வரி இல்லை என்றும், இன்ன இரண்டுக்குமிடையே சுழல் உள்ளது என்றும் கணிப்பொறி முறையிடத் தொடங்கியது. பிழை புதிதாக நுழையவில்லை. பல ஆண்டுகளாக மறைந்திருந்தது வாய் திறந்தது, அவ்வளவே.

இச்செய்தி தமிழ்நாட்டு மாணவர்க்குத் தொலைவானதன்று. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் என்னும் பாரத இயக்க முறைமை, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. அம்மடிக்கணினியைப் பெற்றோர் பலர் அந்த இரண்டாம் வாயிலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது என் அனுபவம்.

2010-இல் லெனார்ட் பொட்டரிங் என்பாரும் அவர்தம் தோழர்களும் சிஸ்டம்-டி என்ற புதிய முதல் நிரலை முன்வைத்தனர். அது பணிகளை ஒருங்கே எழுப்பும். ஸ்கிரிப்டுக்கு மாறாகச் சிறு அறிவிப்புக் கோப்பைப் படிக்கும். ஒரு வேலைக்கு இத்துணைப் பெரிய நிரல் வேண்டுமா என்று பலர் கடுமையாக எதிர்த்தனர். டெபியனின் தொழில்நுட்பக் குழுவில் 2014 பிப்ரவரியில் இவ்வழக்கு வாக்கெடுப்புக்கு வந்தது. எண்மர் இரு பக்கமும் நால்வராகப் பிரிந்தனர்; தலைவரின் முடிவு வாக்கே சிஸ்டம்-டியை வெல்லச் செய்தது. மனம் ஒப்பாத சிலர் அவ்வாண்டு நவம்பரில் பிரிந்து தேவுவன் என்னும் தனித் தொகுப்பை அறிவித்தனர். இருதரப்பாரும் வைத்த வாதங்கள் இன்றும் படிக்கத் தக்கவை. வசைமொழிகளை மட்டும் தள்ளிவிடலாம்.

சிஸ்டம்-டியின் அறிவிப்புக் கோப்பில் நான் மெச்சும் கூறு ஒன்று உண்டு. ‘இதற்குப் பின்’ என்பது ஒரு சொல். ‘இது இன்றியமையாதது’ என்பது வேறொரு சொல். முன்னது வரிசையை மட்டும் குறிக்கும். பின்னது தேவையைக் குறிக்கும். இவ்விரண்டும் ஒன்று என எண்ணுவதே பெரும்பாலான குழப்பத்திற்கு வித்து. சமையற்காரர் வந்தபின் பந்தி என்றால், அவர் வந்தாரா என்று பார்த்தால் போதும். சோறு வெந்தபின் பந்தி என்பது முற்றிலும் வேறு.

எங்கள் கூடத்தில் நிகழ்ந்ததும் இதுவே. டெபியன் வழிவந்த ஒரு லினக்ஸ் ஓடிய வழங்கி அங்கு இருந்தது. மாணவர் கோப்புகளை வைப்பதற்குப் பின்னாளில் வாங்கிய சேமிப்பகம் தனியே இருந்தது. துயிலெழும்போது வழங்கி, வலைப்பின்னல் வழியே சேமிப்பகத்தைத் தன் ‘செய்முறை’ என்னும் கோப்புறையோடு இணைத்துக்கொள்ளும். அதன்பின் மாணவர்க்கு அதனைத் திறந்துவிடும்.

பழைய மாணவர் எதையும் திருத்துமுன் பதிவேட்டைப் படித்தார். கணிப்பொறி எழும்போது நேர்வன யாவும் நேரக் குறிப்போடு அதில் எழுதப்படும். என்னைப் போன்றோர் பதற்றத்தில் மீண்டும் பொத்தானை அழுத்துவோம். அவரோ அரைமணி நேரம் படித்துக்கொண்டே இருந்தார். பின்னர்க் கோப்பு வழங்கும் பணியை நிறுத்தி, தம் கையாலேயே கட்டளையிட்டு எழுப்பினார். குறையின்றி எழுந்தது. “கையால் எழுப்பினால் எழுகிறது ஐயா. அப்படியானால் குறை பணியில் இல்லை. அது எழும் வேளையிலோ சூழலிலோ இருக்கிறது. கையால் எழுப்பியும் எழாதிருந்தால், அதன் அமைப்பையோ, துறையைப் பிறிதொன்று பற்றியிருக்கிறதா என்பதையோ பார்த்திருப்பேன்” என்றார். வழங்கிக்கு உரிய இணைப்பைக் கழற்றி மீண்டும் செருகி, விடியல் மின்தடையை அவரே உண்டாக்கிப் பார்த்தார். வழங்கி தானாக எழுந்தது. சேமிப்பகம் எழவில்லை! அதன் பொத்தானை ஒருவர் அழுத்த வேண்டும். ஆய்வக உதவியாளர் நாள்தோறும் ஒன்பதே முக்காலுக்கு வந்து, விளக்கு எரியாததைக் கண்டு அழுத்திவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

சேமிப்பகம் இல்லாதபோது வழங்கி என்ன செய்தது? இணைக்க முயன்றது, கிடைக்கவில்லை, பின்னணியிலிருந்து மீண்டும் மீண்டும் முயல்க என்பது அதற்கு இட்ட கட்டளை. அவ்வாறு முயன்றுகொண்டே அடுத்த பணியையும் எழுப்பிவிட்டது. வரிசை வழுவவில்லை, தேவை நிறைவேறவில்லை. முதற் பாடவேளை மாணவர்கள் வெறுங் கோப்புறையைக் கண்டு, தத்தம் பெயரில் புதிய அறைகள் திறந்து நிரல் எழுதினர். ஒன்பதே முக்காலுக்குச் சேமிப்பகம் எழுந்ததும் இணைப்பு கைகூடியது. யூனிக்ஸ் மரபில், ஒரு கோப்புறையின்மேல் வேறொரு வட்டினை இணைத்தால், அடியில் இருந்தவை அழிவதில்லை. தரையில் எழுதியதன்மேல் பாயை விரித்ததுபோல மறைந்து நிற்கும்.

அவர் இணைப்பை அகற்றினார். பாய் சுருண்டது. திரையில் அறைகள் வரிசையாகத் தோன்றின: அழுத மாணவியின் நிரல், அதனை அடுத்து வேறு பதின்மரின் நிரல்கள், பின்னர் இழந்த அறுவரின் நிரல்கள். எல்லாவற்றிலும் காலை ஒன்பதுக்கும் ஒன்பதே முக்காலுக்கும் இடைப்பட்ட நேரமே பதிந்திருந்தது. அவற்றை வேறிடத்திற்குப் படியெடுத்தபின், சேமிப்பகம் இணைந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் கோப்பு வழங்கும் பணியை எழுப்பாதே என மூன்று வரிகளை ஸ்கிரிப்டில் சேர்த்தார். மின்சாரம் வந்ததும் தானே எழும்படி சேமிப்பகத்தின் அமைப்பையும் மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் ஒருமுறை மின்னிணைப்பைக் கழற்றிச் சோதித்தார். இரண்டையும் ஒன்றாக மாற்றிச் சோதிக்கவில்லை.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அம்மாணவனைப் பெயர் சொல்லி முன்னே அழைத்தேன். நான் இட்ட ஆணையைப் படித்து, அது தவறென்று சொல்லி, எல்லோரும் காணக் கிழித்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. “இன்று முதற் பாடவேளை எங்களுக்குக் கணிப்பொறிக் கூடம்தானே, ஐயா?” என்று மட்டும் கேட்டான். ஆம் என்றேன். மணி அடிக்குமுன்னரே போய்விட்டான்.